அப்பாவுக்கு கிட்னி ஸ்டேஜ் 4, வாக்கிங் போயும் மலச்சிக்கல் தீரல

மதுரை தெப்பக்குளம் பக்கம் இருக்கோம். அப்பாவுக்கு 62 வயசு, சுகர் 18 வருஷமா, கிரியேட்டினின் (கிட்னி வடிகட்டாம ரத்தத்துல தங்குற கழிவு) 2.5, இஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டுற வேக அளவு) 28, டயாலிசிஸ் இன்னும் இல்ல. 3 நாளைக்கு ஒருதடவ மோஷன் போறதே பெரிய பாடு, வாயெல்லாம் கசக்குதுன்னு சாப்பாட்டையும் ஒதுக்குறாரு.

இசப்கோல் (தண்ணில கலக்குற நார்ச்சத்து உமி) 1 மாசம் குடுத்தோம், தண்ணி அளவாத்தான் குடிக்கணும்ன்றதால அது வயித்துல களி மாதிரி உக்காந்துருச்சுன்றாரு. ரத்தத்துல பொட்டாசியமும் 5.4ன்னு கூடுதலா இருக்கு, அதனால வாழைப்பழம் இளநீ எல்லாம் கட்.

புரதம் குடல்ல தேங்குனா அங்க இருக்குற பாக்டீரியா அத உடைச்சு விடுற கழிவு ரத்தத்துல கலந்து கிட்னிக்குத்தான் கூடுதல் வேலை, அதனால மலம் தேங்க விடாதீங்க, நடங்கன்னாரு டாக்டர். 6 வாரமா காலைல 5.30க்கு தெப்பக்குளத்த சுத்தி 2 ரவுண்டு நடக்குறாரு (முடிச்சுட்டு பருத்திப்பால் வண்டிகிட்ட நிக்கிறது தனி கதை, அம்மா கண்டுபிடிச்சுட்டாங்க). கால் வீக்கம் இல்ல, தூக்கம் பரவால்ல, வயிறு மட்டும் அப்படியே இருக்கு.

ஸ்டேஜ் 3, 4ல இருக்குறவங்க யாருக்காச்சும் நடையோட எலாஸ்டிக் பேண்ட் (ரப்பர் பட்டைய இழுத்து பண்ற) எக்சர்சைஸும் சேத்து பண்ணி மலச்சிக்கல் குறைஞ்சிருக்கா, எத்தன வாரத்துல?