பூக் கட்டியவனுக்கு வந்த மகுடம் படத்தில் எங்கே போனது?

காட்பாடி வாசகி:

என் அம்மா முப்பது ஆண்டுகள் வேலூரில் பூக் கட்டி விற்றவர். நனைத்த வாழைநாரில் எதிரும் புதிருமாக இரண்டிரண்டு மொட்டு வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி இழுப்பார், முடிச்சு விழுந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து நூலகத்திலிருந்து எடுத்து வந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலை நான் உரக்கப் படிப்பேன். ஐந்து பாகமும் முடிய ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஆனது.

அம்மாவுக்கு, பின்னாளில் ராஜராஜ சோழனாகும் இளவரசர் அருள்மொழியைவிடச் சேந்தன் அமுதனைத்தான் பிடிக்கும். தஞ்சையில் நந்தவனம் வைத்து, வாய் பேசாத தாயோடு வாழ்ந்து, கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுப்பவன். சோழ அரசி செம்பியன் மாதேவி பெற்று, பிறந்தபோதே மாறிப்போன பிள்ளை அவன்தான் என்பது கடைசியில் தெரியவரும். பட்டாபிஷேகத்தன்று அருள்மொழி தனக்கு வந்த மகுடத்தை எடுத்து அவன் தலையில் வைப்பார். அந்த இடத்தில் அம்மாவின் கை நின்றுவிட்டது. "இன்னொரு தடவை படி" என்றார்.

2023 ஏப்ரலில் இரண்டாம் படம் வந்தபோது அம்மாவை அழைத்துப் போனேன். படத்தில் குழந்தை மாறிய கதையே கிடையாது. மகுடம், செம்பியன் மாதேவியின் மகனாக அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகனுக்குப் போகிறது. திரும்பும் பஸ்ஸில் அம்மா ஒன்றுதான் கேட்டார்: "பூக்காரப் பிள்ளைக்கு ஏன் கொடுக்கவில்லை?" எனக்குப் பதில் தெரியவில்லை. கதையைச் சுருக்கியதால் வந்த இழப்பா இது, அல்லது கதையின் பொருளே மாறிவிட்டதா?

மேல்பாடிக்காரன்:

அம்மா, வரலாறு இங்கே படத்தின் பக்கம் நிற்கிறது. மதுராந்தகன் என்கிற உத்தம சோழர், சோழ மன்னர் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவர். பிள்ளை மாறியது கல்கியின் கற்பனை. கண்டராதித்தர் இறந்தபோது மகன் சிறு குழந்தை. அதனால் தம்பி அரிஞ்சயர் பட்டத்துக்கு வந்தார், அவருக்குப் பின் அவர் மகன், அருள்மொழியின் தந்தை சுந்தர சோழர். அந்த அரிஞ்சயருக்காகப் பேரன் ராஜராஜன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த அரசரின் நினைவுக் கோயில், எங்கள் ஊரில் பொன்னையாற்றங்கரையில் இருக்கிறது. கல்வெட்டு அவரை 'ஆற்றூர்த் துஞ்சிய தேவர்', அதாவது ஆற்றூரில் இறந்த அரசர், என்கிறது. அந்தக் கல்வெட்டின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்: மூத்தவர் மகனுக்குச் சேர வேண்டிய முறை தவறிப்போனது உண்மைதானே? மதுராந்தகன் கேட்டதில் நியாயம் உண்டு. படம் அதை மதித்திருக்கிறது.

திருவல்லம் வாசகன்:

அக்கா, அமுதனின் கதையை எடுத்தவுடன் பூங்குழலியும் போய்விட்டாள், கவனித்தீர்களா? நாவலில் அலைகடலில் தனியாகப் படகு செலுத்தியவள் அமுதனை மணந்து சோழ நாட்டுக்கே அரசியாகிறாள். படத்தில் அவளுக்குப் போக்கிடமே இல்லை. கரையோடு நிறுத்திவிட்டார்கள்.

கதையின் நாயகன் வந்தியத்தேவனைப் பற்றியும் எனக்கு வருத்தம் உண்டு. திருவல்லம், அவன் பிறந்த வாணர் குலத்து அரசர்கள் ஆண்ட மண். அவனை எங்கள் ஊர்க்காரனாகவே நினைத்து வளர்ந்தவன் நான். நாவல் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் தனியாக வரும் அவனோடு தொடங்குகிறது. முன்னோர் ஆண்ட நாட்டை இழந்த பிள்ளை, நிரம்பித் ததும்பும் ஏரியைப் பார்த்து மலைக்கிறான். படமோ ராஷ்டிரகூடர்களோடு நடக்கும் போரில் தொடங்குகிறது. அவனுடைய குறும்பு அப்படியே வந்திருக்கிறது, மறுக்கவில்லை. அந்தக் குறும்புக்கு அடியில் கிடக்கும் ஏக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

காட்பாடி வாசகி:

இருவருக்கும் நன்றி. மேல்பாடி ஐயா சொன்ன வரலாற்றை ஏற்கிறேன். ஆனால் ஐந்தாம் பாகத்துக்குக் கல்கி வைத்த பெயர் 'தியாகச் சிகரம்'. அரியணைக்காகச் சிற்றரசர்களோடு சேர்ந்து திட்டமிட்டவனுக்கே அதைக் கொடுத்தால் குடும்பத்துச் சண்டை தீரும், அது சமாதானம். நாவலில் மகுடம் போவது, தேவாரம் பாடிக்கொண்டு பூப்பறிப்பதே போதும் என்றிருந்தவனுக்கு. கொடுக்கிறவரும் ஆசையில்லாமல் கொடுக்கிறார், வாங்குகிறவனும் ஆசையில்லாமல் வாங்குகிறான். அம்மாவின் கை நின்றது அதற்காகத்தான் என்று இப்போது புரிகிறது. படத்தில் அருள்மொழியின் பெருந்தன்மை மட்டும் மிஞ்சுகிறது. எனக்கு அது பாதிதான்.

ஐயா, மேல்பாடிக் கோயில் மாலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கும்? அம்மாவை அழைத்து வர வேண்டும். மாலை அவரே கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்கிறார்.