கேரவன் இழுக்கும் யூட்டுக்கு 140 லிட்டர் டேங்க் தேவையா? மெல்பர்ன் – பெர்த் பயணம்

தார்ச்சாலை எழுதியது:
வணக்கம். ஃபோர்டு ரேஞ்சர் பிஎக்ஸ் டூயல் கேப் டீசல் யூட் (பின்னால் திறந்த ட்ரே உள்ள பிக்கப்) வைத்திருக்கிறேன், டேங்க் 80 லிட்டர். முழுச் சுமையோடு 2500 கிலோ வரும் கேரவனை (பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி) மாட்டிக்கொண்டு மனைவி, இரண்டு பிள்ளைகளோடு செப்டம்பர் விடுமுறையில் பெர்த் வரை போகப் போகிறோம். கேரவன் மாட்டினால் 100 கி.மீ.க்கு 18 லிட்டருக்குக் குறைவதில்லை. வழியில் வரும் நல்லர்போர் வறண்ட சமவெளிப் பக்கம் நூற்றுக்கணக்கான கி.மீ. ஒன்றுமே இருக்காது என்கிறார்கள், பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடுவழியில் நிற்க முடியாது. பழைய டேங்கைக் கழற்றிவிட்டு 140 லிட்டர் டேங்க் போடச் சொல்கிறார் கடைக்காரர். நண்பர் ஒருவர் அதெல்லாம் வீண் செலவு, பின்னால் மூன்று ஜெர்ரி கேன் (டீசல் எடுத்துப்போகும் கேன்) போதும் என்கிறார். எது சரி?

பெர்த்வாசி எழுதியது:
நல்லர்போரைக் கடக்கும் எயர் ஹைவே வழியாகத்தான் போகிறீர்கள் என்றால் டீசல் தீர்ந்து நிற்பீர்கள் என்ற பயமே வேண்டாம். செடூனாவிலிருந்து நோர்ஸ்மன் வரை சுமார் 1200 கி.மீ., ஆனால் நடுவில் பெனாங், நண்ட்ரூ, நல்லர்போர் ரோட்ஹவுஸ் (சாலையோர பங்கும் தங்குமிடமும்), பார்டர் வில்லேஜ், யூக்லா, மண்ட்ரபில்லா, மதூரா, காக்கில்பிடி, கைகூனா, பாலடோனியா என்று பங்க் வந்துகொண்டே இருக்கும். மிக நீண்ட இடைவெளிகளே 190 கி.மீ. அளவுதான்: நல்லர்போர் ரோட்ஹவுஸிலிருந்து பார்டர் வில்லேஜ், பாலடோனியாவிலிருந்து நோர்ஸ்மன். எதிர்க்காற்றில் வண்டி 100 கி.மீ.க்கு 24 லிட்டர் குடித்தாலும் அந்தத் தூரத்துக்கு 46 லிட்டர்தான் ஆகும். பாதி டேங்க் வந்ததும் அடுத்த பங்கில் நிரப்பிவிடுங்கள். இரவில் பல ரோட்ஹவுஸ்கள் மூடியிருக்கும், எப்படியும் கங்காருவுக்கும் ஒட்டகத்துக்கும் பயந்து இருட்டில் ஓட்டாமல் இருப்பதே நல்லது.

அப்புறம் வேகம். 100-லிருந்து 90-க்கு இறக்கிப் பாருங்கள், டீசல் செலவு கண்கூடாகக் குறையும்.

டீசல்மணி எழுதியது:
தம்பி, டேங்க் வாங்கும் முன் வண்டியை எடைமேடையில் ஏற்றுங்கள். இதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், கடைக்காரர் சொல்லவே மாட்டார்.

உங்கள் ரேஞ்சரின் ஜிவிஎம் 3200 கிலோ. அதாவது வண்டி, ஆட்கள், சாமான், டீசல், முன்னால் மாட்டும் புல் பார் கம்பி, அதோடு கேரவன் டோ பால் (கேரவனை மாட்டும் உருண்டைக் கொக்கி) மேல் அழுத்தும் எடை, எல்லாம் சேர்த்து 3200-ஐத் தாண்டக் கூடாது. 3500 கிலோ இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதைப் பார்த்து நம் ஆட்கள் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள், ஆனால் முதலில் நிரம்புவது ஜிவிஎம்தான். டோ பாலில் 250 கிலோ இருந்தால் பின் அச்சில் ஏறுவது 250 அல்ல, சுமார் 350. டோ பால் பின் அச்சுக்குப் பின்னால் தள்ளி இருப்பதால் அது நெம்புகோலாக வேலை செய்கிறது, முன் சக்கரத்திலிருந்து 100 கிலோவைத் தூக்கிப் பின்னால் போடுகிறது. ஸ்டியரிங் லேசாவதும் அதனால்தான். இந்த நிலையில் ஜெர்ரி கேன்களை ட்ரேயின் கடைசியில் வைத்தால் அதே தவறான இடத்தில் இன்னும் எடை. ஒரு கேனில் 20 லிட்டர், டீசல் மட்டுமே 17 கிலோ. சிலர் கேரவனின் பின் பம்பரில் கட்டிக்கொண்டு போகிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பின்னால் ஒரு வண்டி இடித்தால் முதலில் நசுங்குவது அந்தக் கேன், வால் பக்கம் எடை கூடினால் கேரவன் ஆடவும் தொடங்கும்.

கோவைக்காரன்_அடிலெய்டு எழுதியது:
மணி அண்ணன் சொல்வது சரி, ஆனாலும் பெரிய டேங்கை அப்படி ஒதுக்கிவிட முடியாது. நான் 140 போட்டிருக்கிறேன், எனக்கு அது மிகவும் உதவுகிறது. பழைய டேங்க் இருந்த இடத்தில், இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, தாழ்வாக உட்காருகிறது. கேனை விட எவ்வளவோ நல்ல இடம். நீண்ட கேரவனோடு ஒவ்வொரு பங்கிலும் வளைத்து நுழைய வேண்டாம். கிரேட் சென்ட்ரல் ரோடு மாதிரி யூலாராவிலிருந்து லாவர்ட்டன் வரை 1100 கி.மீ. மண் சாலையில் போவதாக இருந்தால் யோசிக்கவே மாட்டேன், போட்டுவிடுவேன்.

பணம் மிச்சமாகும் என்று மட்டும் போடாதீர்கள். ரோட்ஹவுஸில் லிட்டருக்கு 50 சென்ட் கூடுதல் என்று வைத்துக்கொண்டால், ஊரிலேயே நிரப்பிய அந்த 60 லிட்டருக்கு 30 டாலர் மிச்சம், அவ்வளவுதான். டேங்கும் பொருத்துக்கூலியும் ஆயிரத்தைச் சுலபமாகத் தாண்டும். ஸ்டெப்னி இருக்கும் இடத்தில் மாட்டும் இரண்டாவது டேங்க் வேண்டவே வேண்டாம், ஸ்டெப்னியை வேறெங்கே வைப்பீர்கள்? பெரிய டேங்க் போட்ட பிறகு, இன்னும் எத்தனை கி.மீ. போகும் என்று டேஷ்போர்டு காட்டும் கணக்கை நம்பாமல் ட்ரிப் மீட்டரைப் பாருங்கள். இன்ஷூரன்ஸ்காரர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

தார்ச்சாலை எழுதியது:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை குடும்பம், சாமான், கேரவன் எல்லாவற்றோடும் எடைமேடைக்குப் போனேன். கேரவன் சக்கரங்கள் மேடைக்கு வெளியே இருக்க, யூட் மட்டும் 3110 கிலோ, டேங்க் பாதிதான் இருந்தது. நிரப்பினால் இன்னும் 34 கிலோ ஏறும். மிச்சம் 56. பெரிய டேங்கில் கூடுதலாக வரும் 60 லிட்டரே 50 கிலோ, டேங்கின் சொந்த எடை வேறு. அதனால் இப்போது டேங்க் இல்லை, கேனும் இல்லை. ஜிவிஎம்மைக் கூட்டிச் சான்றிதழ் வாங்குவது பற்றி அடுத்த வருடம் பார்க்கலாம். ட்ரேயில் இருக்கும் ஜெனரேட்டரும் ஒரு டூல் பாக்ஸும் வீட்டிலேயே இருக்கட்டும்.

பெர்த்வாசி எழுதியது:
நல்ல முடிவு. இன்னொன்று, மாநில எல்லையில் இருக்கும் பார்டர் வில்லேஜ் சோதனைச் சாவடியில் பழம், காய்கறி, தேன் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுவிடுவார்கள், கறிவேப்பிலைக்கும் விதிவிலக்கு கிடையாது. முந்தின நாளே சமைத்து முடித்துவிடுங்கள். திரும்பி வரும்போது செடூனாவிலும் இதே சோதனை உண்டு.