இரைப்பைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மெதுவாகச் சாப்பிடப் பழகுவது எப்படி?

ஹட்டன் ஆசிரியை:
வணக்கம். இரைப்பையைச் சுருக்கும் ஸ்லீவ் சத்திரசிகிச்சை எனக்கு நடந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. இரைப்பையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அகற்றிவிட்டதாகவும், மிஞ்சியிருப்பது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய்தான் என்றும் வைத்தியர் படம் வரைந்து காட்டினார். அளவைக் குறைப்பது கடினமாக இல்லை; வேகத்தைக் குறைக்கத்தான் முடியவில்லை. நான் தேயிலைத் தோட்ட லயத்தில் வளர்ந்தவள். பகல் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வரும் அம்மா, மறுபடி மலைக்கு ஏறுவதற்குள் நின்றபடியே ரொட்டியையும் சம்பலையும் விழுங்கி, தேத்தண்ணியால் உள்ளே தள்ளுவார். அதே பழக்கம்தான் எனக்கும். பாடசாலை இடைவேளையோ 20 நிமிடம். சென்ற வாரம் நான்காவது கவளத்திலேயே நெஞ்செலும்புக்குப் பின்னால் கல்லை வைத்ததுபோல் அடைத்து, வாயெல்லாம் நுரையாக எச்சில் ஊற, பிள்ளைகள் பார்க்க வெளியே ஓடினேன். மென்று சாப்பிட வேண்டும் என்பது தெரியும். பழகியவர்கள் எப்படிப் பழகினீர்கள்?

பண்டாரவளை அக்கா:
தங்கச்சி, நானும் இதைக் கடந்து வந்தவள்தான். ஒரு வாய்க்கு 25 முறை மெல்லச் சொன்னார்கள். பத்தைத் தாண்டுவதற்குள் எண்ணிக்கை தவறிவிடும். ஒரு நாள் என் கையையே கவனித்தபோதுதான் விஷயம் புரிந்தது. வாயில் ஒரு கவளம் இருக்கும்போதே விரல்கள் அடுத்ததைப் பிசைந்து உருட்டி வைத்துக்கொள்கின்றன. உருட்டியது காத்திருக்கும்போது வாய் எப்படிப் பொறுக்கும்? அன்றிலிருந்து குழந்தைக்கு ஊட்டும் சின்னக் கரண்டிக்கு மாறினேன். ஒரு வாய் எடுத்ததும் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொள்வேன். வாய் முழுவதும் காலியான பிறகே கரண்டியைத் தொடுவேன். இடைவேளையில் சோற்றுக்கு முயல வேண்டாம். அவித்த முட்டையோ தயிரோ போதும். சோற்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

நுவரெலியாக்காரன்:
எனக்கு நடந்தது இரைப்பை பைபாஸ், அதாவது இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேரே இணைக்கும் சத்திரசிகிச்சை. எங்கள் ஊர்க் குளிரில் அரை மணி நேரம் சாப்பிட்டால் சோறு விறைத்து, ஆட்டிறைச்சி காய்ந்துவிடுகிறது. காய்ந்த இறைச்சிதான் அதிகம் அடைக்கும். ஆகவே இரண்டு மேசைக்கரண்டி அளவை மட்டும் தட்டில் எடுத்து, மிச்சத்தைச் சுடுநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்திருப்பேன். இன்னொன்று, 30 நிமிடம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள். மெதுவாகச் சாப்பிடுகிறேன் என்ற பெயரில் ஒன்றரை மணி நேரம் கொறித்து, குறைந்த எடையை மறுபடி ஏற்றிக்கொண்டவன் நான்.

ஓய்வுபெற்ற தாதி:
மேலே சொன்னவை சரியே. ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது தேத்தண்ணியால் தள்ளும் பழக்கம்தான். அந்தச் சின்னக் குழாயில் உணவும் நீரும் சேர்ந்தால் இடம் போதாமல் மேலே வரும், அல்லது உணவு கரைந்து சீக்கிரம் இறங்கி மறுபடி பசிக்கும். ஆகவே சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்தே எதையும் குடியுங்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது, சாயம் அதை உடலில் சேரவிடாது. அடைத்துக்கொண்டால் தண்ணீர் குடித்து இறக்கப் பார்க்காமல், எழுந்து மெல்ல நடவுங்கள். தண்ணீர்கூட இறங்காவிட்டால், அல்லது வாந்தி நாள் கணக்கில் தொடர்ந்தால், வேகத்தின் மேல் பழிபோட்டுக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியரிடம் போங்கள். குழாய் சுருங்கியிருக்கலாம், பி1 விற்றமினும் குறைந்துவிடும்.

ஹட்டன் ஆசிரியை:
அனைவருக்கும் நன்றி. கரண்டி வாங்கிவிட்டேன். கையை மடியில் வைத்திருப்பதைப் பார்த்து, "சாப்பாடு பிடிக்கலையா?" என்று அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டார். அவருடைய ரொட்டியை எப்போது தொடலாம்?

பண்டாரவளை அக்கா:
கோதுமை மா ரொட்டி உள்ளே போய் மாவுருண்டையாகத் திரண்டுகொள்ளும், தங்கச்சி. நான் எட்டாவது மாதத்தில், அதுவும் ஓரத்து மொறுமொறுப்பை மட்டும், பருப்பில் தொட்டுச் சாப்பிட்டேன். முதலில் உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.