கோச் வீட்டுக்கே வந்து பையனைக் கேட்கிறாரா? நெப்ராஸ்கா சிற்றூருக்கு வந்திருக்கும் நம்மவர்களுக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். மனைவிக்கு, டாக்டர் பற்றாத ஊர்களுக்கு வெளிநாட்டு டாக்டர்களை அனுப்பும் கான்ராட் 30 திட்டத்தில் ஆஸ்பத்திரி வேலை, மூன்று வருட ஒப்பந்தம், நெப்ராஸ்காவில் ஒரு சின்ன ஊர். பையன் ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறான். பெட்டிகளைப் பிரித்து முடிக்கும் முன்பே பள்ளியின் ஃபுட்பால் கோச் (நம் ஊர் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டு மோதும் அமெரிக்க ஃபுட்பால்) வாசலுக்கு வந்து, "பையனை அனுப்புங்கள்" என்கிறார். விளையாட விடலாமா, மறுத்தால் ஊரில் தப்பாக எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இவை தனித்தனிக் கேள்விகள். அதற்கு முன்னால் அவர் ஏன் வந்தார் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்.

பையனின் உயரத்தையோ தோளையோ பார்த்து அவர் வரவில்லை. டீமுக்கு ஆள் பற்றவில்லை.

நெப்ராஸ்காவின் பல கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) 1920-இல் இருந்த மக்கள்தொகைகூட இன்று இல்லை. பல குடும்பங்கள் உழுத நிலத்தை இப்போது ஒரே குடும்பம் கம்பைன் அறுவடை இயந்திரத்தையும், சுற்றிச் சுற்றித் தண்ணீர் பாய்ச்சும் சென்டர் பிவட்டையும் வைத்துப் பார்த்துக்கொள்கிறது. 1980-களின் விவசாயக் கடன் நெருக்கடியில் நிலத்தை விட்டுப் போனவர்கள் பலர். மிச்சமிருந்தவர்களின் பிள்ளைகள் படித்துவிட்டு லிங்கன், ஓமஹா மாதிரிப் பெரிய நகரங்களில் தங்கிவிட்டார்கள். அப்புறம் பள்ளியில் பையன்கள் எங்கிருந்து வருவார்கள்? இருக்கிற சிலரிலும் ஒருவன் வருடம் முழுக்கக் கூடைப்பந்து மட்டும் என்கிறான், இன்னொருவன் மல்யுத்தத்துக்கு உடம்பைப் பார்த்துக்கொள்கிறான், மூன்றாமவன் வீட்டில் தலையில் அடிபடும் என்று பயம். ஓமஹாவில் பெரிய பள்ளி ஒன்றில் மூன்று பேர் விலகினால் யாருக்கும் தெரியாது. உங்கள் ஊரில் மூன்று பேர் விலகினால் அந்த வருடம் டீமே இல்லை.

நாடு முழுக்கவும் போக்கு ஏறக்குறைய இதுதான். பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பான என்.எஃப்.எச்.எஸ். எடுக்கும் கணக்கில், வழக்கமான பதினொரு பேர் ஆட்டத்தில் 2008-09-இல் 11 லட்சத்துக்கு மேல் பையன்கள் இருந்தார்கள். 2018-19-இல் அது ஏறக்குறைய 10 லட்சத்துக்கு இறங்கியது. கொரோனாவுக்குப் பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது, பழைய உச்சத்துக்கு வரவில்லை.

ஆள் குறைந்தால் சிற்றூர்கள் இரண்டு வழி வைத்திருக்கின்றன. ஒன்று, பக்கத்து ஊரோடு சேர்ந்துவிடுவது. ப்ரூனிங்-டேவன்போர்ட்-ஷிக்லி என்று ஒரு டீம் உண்டு, மூன்று ஊர்ப் பையன்களும் சேர்ந்து ஆடுவது. ஐம்பது வருடம் எதிரியாகப் பார்த்த ஊரின் சட்டையைப் போட்டுக்கொள்வது தாத்தாக்களுக்குச் சுலபமில்லை, அந்தப் பேச்சைக் காபிக் கடையில் நீங்களே கேட்பீர்கள். இன்னொன்று, களத்தில் ஆட்களைக் குறைப்பது. எட்டுப் பேர் ஆட்டம் இங்கே சர்வ சாதாரணம். அதற்கும் ஆள் இல்லாத ஊர்கள் ஆறு பேர் ஆட்டத்துக்குப் போகின்றன. அந்த ஆட்டம் பிறந்ததே நெப்ராஸ்காவில்தான். 1934-இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, ஸ்டீஃபன் எப்ளர் என்ற பள்ளி ஆசிரியர் சிறிய பள்ளிகளுக்காக உருவாக்கினார், முதல் ஆட்டம் ஹீப்ரன் ஊரில் நடந்தது. களம் 80 கெஜ நீளம், 40 கெஜ அகலம். பத்து கெஜத்துக்குப் பதில் பதினைந்து கெஜம் முன்னேற வேண்டும். ஆறு பேரில் யார் வேண்டுமானாலும் பந்தைப் பிடிக்கலாம். இடைவேளைக்கு வரும்போதோ அதற்குப் பிறகோ 45 புள்ளி வித்தியாசம் வந்துவிட்டால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. ஸ்கோர் கபடி ஸ்கோர் மாதிரி எகிறும். பார்ப்பதற்குப் பதினொரு பேர் ஆட்டத்தைவிட நன்றாகவே இருக்கும், இது என் கட்சி.

சரி, பையன் விஷயம். உங்கள் மனைவி டாக்டர் என்பதால் மூளைக் காயம் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இணையத்தில் சுற்றும் எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். 2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு வந்தது. தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.லில் ஆடி இறந்துபோன வீரர்கள் 111 பேரின் மூளையைப் பார்த்ததில் 110 பேருக்கு சி.டி.இ. இருந்தது, அதாவது தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு. பள்ளி அளவோடு நிறுத்தியவர்கள் 14 பேரில் 3 பேருக்கு. குடும்பத்தினர் சந்தேகப்பட்டுத் தானமாகக் கொடுத்த மூளைகள் இவை, ஆகவே ஐந்தில் ஒரு பையனுக்கு வரும் என்று கணக்குப் போடக் கூடாது. அதற்காக ஒன்றுமில்லை என்றும் ஆகாது. எத்தனை வருடம் மோதினோம் என்பது முக்கியம், மயங்கி விழும் பெரிய அடி மட்டும் கணக்கில்லை.

சிற்றூர் டீமில் இதற்கு மேல் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை யாரும் சொல்ல மாட்டார்கள். பெரிய பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் தங்களுக்குள் தனி டீமாக ஆடுவார்கள். ஆள் இல்லாத ஊரில் பதினான்கு வயதுப் பையன் வெள்ளிக்கிழமை ராத்திரி நடக்கும் பள்ளி ஆட்டத்தில் பதினெட்டு வயதுக்காரன் எதிரே நிற்பான். தாக்குதலுக்கும் அவன்தான், தடுப்புக்கும் அவன்தான், வெளியே வந்து மூச்சு வாங்க மாற்று ஆள் கிடையாது. போன சீசனில் ஆட்டத்தன்று கொடுத்த தாள் ஒன்றை யாரிடமாவது வாங்கிப் பாருங்கள். சட்டை எண், பெயர், வகுப்பு, உயரம், எடை என்று வரிசையாக இருக்கும். வகுப்பு என்ற பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே வாருங்கள். எத்தனை 12, எத்தனை 9? மொத்தம் எத்தனை பெயர்? பதினான்கு பெயரில் ஆறு பேர் ஒன்பதாம் வகுப்பு என்றால் உங்கள் பையன் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளப் போவதில்லை, முதல் வாரமே இறங்குவான். பக்கத்தில் எடையையும் பாருங்கள். 120 பவுண்டுப் பையன் எதிரே 230 பவுண்டு நிற்பது இங்கே அபூர்வமில்லை.

கோச்சிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புக்குத் தனி ஆட்டம் உண்டா? பயிற்சியின்போது காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் ட்ரெய்னர் இருப்பாரா, வெள்ளிக்கிழமை மட்டும் வருவாரா, வரவே மாட்டாரா? நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பள்ளியில் ட்ரெய்னரே கிடையாது. வாரத்தில் எத்தனை நாள் முழு மோதல் பயிற்சி? ஹெல்மெட்டைக் கடைசியாக எப்போது சோதனைக்கு அனுப்பினார்கள்? நல்ல கோச் இதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்வார். சிரித்து மழுப்பினால் அதுவும் பதில்தான்.

நெப்ராஸ்காவில் 2012 முதல் சட்டம் இருக்கிறது. தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே பையனை வெளியே எடுத்துவிட வேண்டும், தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் எழுத்தில் சரி என்று சொல்ல வேண்டும், பெற்றோரும் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் கையெழுத்து இல்லாமல் அவன் திரும்ப இறங்க முடியாது. ஆள் இல்லாத டீமில் பையன்களே அடியை மறைப்பார்கள், "நான் வெளியே வந்தால் ஆட்டம் நின்றுபோகும்" என்று. பையனிடம் இதைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மறுப்பதாக இருந்தால் நேராக மறுங்கள். நம் பழக்கத்தில் "பார்க்கலாம் சார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் மறுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அவர் உங்கள் பையன் அளவுக்கு ஹெல்மெட் எடுத்து வைத்திருப்பார். "கூப்பிட்டதற்கு நன்றி, வீட்டில் பேசினோம், வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறோம்" என்றால் போதும். காரணம் விளக்க வேண்டாம். அவர் அடுத்த வாரம் உங்கள் பையனுக்கு வரலாறோ கணக்கோ நடத்தப் போகிறவராக இருக்கலாம், மனதில் வைத்துக்கொள்ள மாட்டார். இந்த மறுப்பை அவர் உள்ளூர்க்காரர்களிடமே நிறையக் கேட்டிருப்பார்.

ஊர் கவனிப்பது வேறொன்றை: வெள்ளிக்கிழமை நீங்கள் வந்தீர்களா. பையன் ஆடாவிட்டாலும் போங்கள். இந்த மாநிலத்தின் பைத்தியம் சாதாரணமானதில்லை, லிங்கனில் பல்கலைக்கழக மைதானத்தின் ஃபுட்பால் ஆட்டங்களுக்கு 1962-லிருந்து டிக்கெட் விற்றுத் தீர்கிறது. உங்கள் ஊரில் அந்த ஒரு ராத்திரிதான் வங்கி மேனேஜர், மாட்டு டாக்டர், தானியக் கிடங்குக்காரர் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். தின்பண்டம் விற்கும் கன்செஷன் ஸ்டாண்டில் நின்று உதவக் கேட்டால் கையோடு இழுத்துக்கொள்வார்கள். அங்கே வாக்கிங் டாக்கோ என்று ஒன்று விற்கும்: சிப்ஸ் பாக்கெட்டைப் பக்கவாட்டில் கிழித்து, உள்ளேயே கறியும் சீஸும் போட்டு, பிளாஸ்டிக் முள்கரண்டி செருகிக் கொடுப்பார்கள். மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் கறி இல்லாமல் கேட்டு வாங்குங்கள், யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். ரன்ஸா என்ற இந்த மாநிலத்து அடைத்த ரொட்டிக்குள்ளும் மாட்டுக்கறிதான், முட்டைக்கோஸ் மட்டும் என்று நம்பிவிடாதீர்கள்.

பையனுக்கு டீமோடு இருக்க ஆசை, மோதத்தான் வேண்டாம் என்றால் வழி இருக்கிறது. புள்ளிவிவரம் எழுதுவது, வீடியோ எடுப்பது, ஸ்டூடண்ட் மேனேஜராகத் தண்ணீரும் சாமானும் பார்ப்பது எல்லாமே மதிப்புள்ள வேலை. மார்ச்சிங் பேண்டுக்கும் ஆள் பஞ்சம்தான். ஓடக்கூடியவன் என்றால் க்ராஸ் கன்ட்ரி என்ற நெடுந்தூர ஓட்டம் அதே சீசனில் வரும்.

விசா, இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்டிருந்த மற்றவர்களுக்கும் சேர்த்து: எச்-4 பிள்ளைகள் (எச்-1பி வேலை விசாக்காரர்களின் பிள்ளைகள்) பள்ளி அணியில் ஆட விசா தடையில்லை, சம்பள வேலை இல்லையே. பள்ளியின் இன்ஷூரன்ஸை நம்பாதீர்கள், பெரும்பாலும் உங்கள் பாலிசி கொடுத்த பிறகுதான் அது வரும். டிடக்டபிள், அதாவது பாலிசி கொடுக்கத் தொடங்கும் முன் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டியது, எவ்வளவு என்று இப்போதே பார்த்து வையுங்கள். எந்த விளையாட்டானாலும் ஃபிசிக்கல் பரிசோதனைப் படிவம் வேண்டும், அது மே 1-க்குப் பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய சான்றிதழ் செல்லாது. பயிற்சி ஆகஸ்ட் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும், கிளினிக்கில் ஜூலைக் கடைசியில் இடம் கிடைக்காது. ஃபுட்பாலா க்ராஸ் கன்ட்ரியா என்று முடிவாகாவிட்டாலும் படிவத்தை ஜூனிலேயே வாங்கிவிடுங்கள்.