தினமும் முருங்கைக்கீரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை, என்ன தப்பு?

மஞ்சள்முல்லை (கேள்வி)

அக்கா மகளுக்கு 19 வயது, எடை 45 கிலோ, முட்டைகூடத் தொடாத சைவம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2, எம்சிவி (சிவப்பணுக்களின் சராசரி அளவு) 72, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) 7. ஆறு மாதமாகத் தினம் முருங்கைக்கீரைப் பொரியல், பேரீச்சம்பழம், பீட்ரூட் சாறு, மாதுளை என்று விடாமல் கொடுக்கிறார்கள். டாக்டர் எழுதிய இரும்புச்சத்து மாத்திரையைக் குமட்டல், மலச்சிக்கல் என்று பத்து நாளில் நிறுத்திவிட்டாள். காலையிலும் மாலையிலும் டிபன் முடிந்த கையோடு காபி உண்டு. மாத்திரை இல்லாமல் சாப்பாட்டிலேயே ஏற்ற முடியுமா?

சத்துக்கணக்கு

இந்த அளவுக்கு இறங்கிய பிறகு சாப்பாடு மட்டும் போதாது தோழி. கணக்குப் போட்டால் உங்களுக்கே தெரியும்.

உடலில் எவ்வளவு இரும்பு குறைகிறது என்று பார்க்க டாக்டர்கள் ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள்: எடையை, இலக்கு ஹீமோகுளோபினான 15க்கும் இப்போதைய ஹீமோகுளோபினுக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, மறுபடி 2.4ஆல் பெருக்கி, சேமிப்புக்காக 500 கூட்ட வேண்டும். 45 × 5.8 × 2.4 = 626. அதோடு 500 சேர்த்தால் ஏறக்குறைய 1,100 மி.கி. இரும்பு பாக்கி.

இப்போது கீரைப் பக்கம் வாருங்கள். 100 கிராம் பச்சை முருங்கையிலையில் சுமார் 4.5 மி.கி. இரும்பு. ஒருவர் தட்டில் விழும் பொரியல் 50 கிராம் இலைதான், அதாவது 2.3 மி.கி. தாவர உணவிலிருக்கும் இரும்பில் குடல் உறிஞ்சுவது பெரும்பாலும் 2 முதல் 10 சதவீதம். ஆக ரத்தத்துக்குப் போய்ச் சேருவது அதிகம் போனால் 0.2 மி.கி. உடலோ தினம் 1 மி.கி. அளவுக்கு இயல்பாகவே இழக்கிறது. மாதவிடாயில் இன்னும் 15-20 மி.கி. போகும்.

பீட்ரூட்டும் மாதுளையும் நிறத்தால் பேர் வாங்கியவை. 100 கிராம் பீட்ரூட்டில் இரும்பு 0.8 மி.கி., மாதுளையில் 0.3 மி.கி. பேரீச்சம்பழத்திலும் இரும்பைவிடச் சர்க்கரைதான் அதிகம். கீரையை நிறுத்தச் சொல்லவில்லை. பாக்கியை மாத்திரை அடைக்கட்டும், அது மறுபடி விழாமல் சாப்பாடு பார்த்துக்கொள்ளட்டும்.

கொடியடுப்பு

சாப்பாட்டில் முதலில் கை வைக்க வேண்டியது அந்தக் காபியில். காபி, டீ இரண்டிலும் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்துகொண்டு உறிஞ்சவே விடாது. சாப்பாட்டோடு குடித்தால் பாதி அளவுக்கும், டீயானால் அதற்கு மேலும் வீணாகும். காபியை விடச் சொல்ல வேண்டாம். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்போ, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தோ குடிக்கட்டும்.

அடுத்தது வைட்டமின் சி. ஒரே வேளையில் 50 மி.கி.க்கு மேல் சேர்ந்தால் தாவர இரும்பு இரண்டு, மூன்று மடங்கு உள்ளே போகும். 100 கிராம் கொய்யாவில் 200 மி.கி.க்கு மேல் இருக்கிறது, பெரிய நெல்லிக்காயிலும் அதே மாதிரி. அரை எலுமிச்சையில் 10 மி.கி. சுமாருக்குத்தான் கிடைக்கும், அதை மட்டும் நம்பாதீர்கள். நெல்லிக்காயை வேகவைத்து ஊறுகாய் போட்டால் இந்தச் சத்து பெருமளவு போய்விடும். பச்சையாக நறுக்கி உப்புத் தொட்டுச் சாப்பிடுவதுதான் பலன். எலுமிச்சை பிழிவதையும் அடுப்பை அணைத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பயறு. அதிலிருக்கும் ஃபைட்டேட் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பச்சைப்பயறு, கொள்ளு, காராமணியை 8 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஈரத்துணியில் முடிந்து முளை வரும்வரை வையுங்கள். பயறுக்கு ஒரு நாள் போதும், கொள்ளுக்கு இன்னும் அரை நாள் கூடுதலாகலாம். முளைக்க முளைக்க ஃபைட்டேட் குறையும். இட்லி மாவு நன்றாகப் புளிப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது.

மூன்று வேளையும் போராட வேண்டாம், மதியத்தை மட்டும் ஒழுங்கு செய்யுங்கள்: சாதம், முளைகட்டிய பயறுக் கூட்டு, கீரை, கடைசியில் ஒரு கொய்யா. தயிரை இரவுக்குத் தள்ளிவிடுங்கள், அதிலுள்ள கால்சியமும் இரும்புக்குக் குறுக்கே நிற்கும்.

வீட்டில் பழைய இரும்புக் கடாய் இருந்தால் தக்காளித் தொக்கும் புளிக்குழம்பும் அதில் செய்யலாம். புளிப்பு பட்டால் கடாயிலிருந்து கொஞ்சம் இரும்பு இறங்கும். கொதித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் குழம்பு கறுத்துத் துரு வாடை அடிக்கும்.

நிலாமுற்றம்

மாத்திரையைப் பாலோடு கொடுத்துப் பாருங்கள், வயிறு புரட்டாது.

மருந்துப்பெட்டி

பாலோடு வேண்டாம், நிலாமுற்றம். புரட்டல் குறையலாம், கூடவே இரும்பும் உள்ளே போகாது. கால்சியம் மாத்திரை, அமிலம் குறைக்கும் மாத்திரை இவற்றையும் இரண்டு மணி நேரமாவது தள்ளித்தான் போட வேண்டும்.

ஒரு மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, ஏறக்குறைய ஒரு நாளுக்குக் குடலின் கதவைப் பாதி மூடிவிடுகிறது. மறுநாளே அடுத்ததைப் போட்டால் அதில் பெரும்பங்கு உறிஞ்சப்படாமல் குடலிலேயே தங்கும். மலச்சிக்கலும் குமட்டலும் வருவது அதனால்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரே ஒரு மாத்திரை என்று போட்டால் உறிஞ்சும் விகிதம் கூடுகிறது, தொந்தரவும் குறைகிறது. டாக்டரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாற்றோடு, படுக்கும் முன் போட்டால் குமட்டல் தூக்கத்தில் கழிந்துவிடும். அப்படியும் தாங்கவில்லையென்றால் ஒரு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போடலாம். கொஞ்சம் குறைவாகத்தான் சேரும், ஆனாலும் நிறுத்துவதைவிட மேல்.

அட்டையைத் திருப்பிப் படியுங்கள். ஃபெரஸ் ஃபியூமரேட் 200 மி.கி. என்றால் அதில் தனி இரும்பு 65 மி.கி.தான். ஃபெரஸ் அஸ்கார்பேட் அட்டைகளில் பெரும்பாலும் தனி இரும்பையே 100 மி.கி. என்று போட்டிருப்பார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் குறைந்த அளவுக்கு மாற்றித் தருவார்கள்.

மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் தார் மாதிரிப் பிசுபிசுத்து நாறினால் உடனே டாக்டரிடம் போங்கள், அது குடலில் ரத்தக்கசிவாக இருக்கலாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அட்டையை எட்டாத இடத்தில் வையுங்கள். இந்த மாத்திரையைக் குழந்தைகள் எடுத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

ஆய்வகக்கண்ணாடி

எம்சிவி 72ம் ஃபெரிட்டின் 7ம் சேர்ந்து வந்தால் இரும்புக் குறைவு என்பதில் சந்தேகமில்லை. ஃபெரிட்டின் நன்றாக இருந்து எம்சிவி மட்டும் குறைந்திருந்தால் தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) மரபுக்கூறு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். காய்ச்சல் நேரத்தில் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், அப்போது எடுக்காதீர்கள்.

சைவம் என்பதால் வைட்டமின் பி12ம் சேர்த்துப் பாருங்கள். தினத் தேவை 2.2 மைக்ரோகிராம். கீரையிலும் பருப்பிலும் அது கிடையாது, 100 மி.லி. பாலில் சுமார் 0.4 தான். காபியில் விழும் பால் எந்த மூலைக்கு? பி12 குறைவை ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்துச் சரிக்கட்டினால் ரத்தம் தேறியதுபோல் தெரியும், நரம்பு மட்டும் சத்தமில்லாமல் பழுதாகிக்கொண்டிருக்கும்.

இரும்பு எங்கே போகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீள்கிறதா, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டியாகப் போகிறதா? ஆம் என்றால் மகப்பேறு மருத்துவரைப் பார்ப்பதும் வைத்தியத்தில் சேர்த்தி. குடற்புழு மாத்திரை கடைசியாக எப்போது போட்டாள் என்றும் பாருங்கள்.

மஞ்சள்முல்லை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாத்திரையை மறுபடி ஆரம்பிப்பது பற்றி நாளைக்கே டாக்டரிடம் பேசுகிறோம். ஹீமோகுளோபின் 12 வந்ததும் நிறுத்திவிடலாமா?

மருந்துப்பெட்டி

அங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். 12 வந்தால் ரத்தம் நிரம்பிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம், சேமிப்பு அப்போதும் காலி. அதற்குப் பிறகும் மூன்று மாதம் போட்டு, ஃபெரிட்டின் எடுத்துப் பார்த்து, டாக்டர் சொன்ன பிறகு நிறுத்துங்கள். தொடங்கிய நாலாவது வாரம் ஒருமுறை ஹீமோகுளோபின் பாருங்கள். 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் அளவைக் கூட்டும் முன், எந்த நேரத்தில், எதோடு போட்டாள் என்று கேளுங்கள்.