மூன்றாண்டுப் பணிமாற்றத்தில் புனே செல்பவர் எதையெல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டும்?

உறையூராள்
என் கணவருக்குத் திருச்சியிலிருந்து புனேவுக்கு மூன்றாண்டுப் பணிமாற்றம் வந்திருக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பு முடித்த மகனும் மாமியாரும் உடன் வருகிறார்கள், காரையும் கொண்டுசெல்கிறோம். "திரும்பி வரத்தானே போகிறீர்கள், எதையும் மாற்றாதீர்கள்" என்கிறார்கள் உறவினர்கள். வெளிமாநிலத்தில் வாழ்ந்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வெண்ணாற்றங்கரையான்
உறவினர்கள் சொல்வதே சரி. அங்கே வாடகை ஒப்பந்தத்தையே பெரும்பாலும் பதினொரு மாதங்களுக்குத்தான் எழுதுகிறார்கள். ஆண்டுதோறும் வீடு மாற நேரிடலாம் என்னும்போது ஒவ்வொரு முறையும் ஆவணங்களைத் திருத்திக்கொண்டிருப்பது வீண் அலைச்சல். ஓட்டுநர் உரிமம் நாடு முழுவதும் செல்லும். வங்கிக் கணக்கைக் கைப்பேசியிலேயே நடத்தலாம். ஐதராபாத்தில் நான் இருந்த காலத்தில் தெலுங்கு கற்கவில்லை. ஆங்கிலமும் அரைகுறை இந்தியும் போதுமாக இருந்தன.

கட்கிவாசி
ஐயா, தங்கள் கருத்தை மறுக்க வேண்டியிருக்கிறது. ஓட்டுநர் உரிமம் செல்லும். வண்டியின் பதிவு அப்படியன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது. அதற்குத் திருச்சியிலுள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். கார்க்கடன் நிலுவையில் இருந்தால் வங்கியின் ஒப்புதலும் தேவைப்படும். புறப்படும் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. புனேவில் உட்கார்ந்துகொண்டு திருச்சி அலுவலகத்தில் காரியம் நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை அங்கே குடியேறிய எல்லாரும் அறிவார்கள்.

வாடகை ஒப்பந்தம் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். மகாராட்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, அதன் 55ஆம் பிரிவில், ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிவு செய்யும் பொறுப்பை வீட்டு உரிமையாளர்மீது சுமத்துகிறது. பதினொரு மாதம்தானே என்று வெறும் முத்திரைத்தாளில் எழுதித் தருபவரிடம் வீடு எடுக்காதீர்கள். பதிவான ஒப்பந்தமே பின்னர் உங்களுக்கு முகவரிச் சான்றாகவும் பயன்படும்.

வெண்ணாற்றங்கரையான்
சட்டம் இருக்கட்டும், செலவை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஆயுட்கால வரியைக் கட்டிய பிறகு, மகாராட்டிரத்தில் மீண்டும் ஒரு தொகையைக் கட்ட வேண்டும். பழைய வரியின் எஞ்சிய பங்கைத் திரும்பப் பெறத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாண்டு கழித்து இதே சடங்கைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். அதைவிடக் காரை இங்கேயே விற்றுவிட்டு, அங்கே பிஎச் (பாரத்) வரிசைப் பதிவெண்ணில், அதாவது மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத எண்ணில், வேறொன்று வாங்கிக்கொள்ளலாமே?

கட்கிவாசி
2021இல் வந்த பிஎச் வரிசை எல்லாருக்கும் கிடைப்பதன்று. அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனத்தாருக்கும் மட்டுமே அது உரியது. அம்மா, உங்கள் கணவரின் நிறுவனம் அந்தத் தகுதிக்குள் வருமானால் ஐயா சொன்ன வழியை நானும் ஏற்பேன்.

மொழியைப் பற்றி ஐயா கூறியதைத்தான் ஏற்க இயலவில்லை. அலுவலகத்துக்கு ஆங்கிலம் போதும். ஆனால் கீரைக்காரரிடமும் குடியிருப்புக் காவலாளியிடமும் நாள்தோறும் பேசப்போகிறவர் நீங்கள். பகல் முழுவதும் வீட்டில் தனித்திருக்கப்போகிறவர் உங்கள் மாமியார். மகனுக்கோ இது விருப்பம் சார்ந்ததே அன்று. 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி, எந்தப் பாடத்திட்டமாக இருந்தாலும் பத்தாம் வகுப்பு வரை மராத்தி கட்டாயப் பாடம். இந்தியே படிக்காத பிள்ளை, எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். இரண்டுக்கும் தேவநாகரியே எழுத்து என்பதால் கோடை விடுமுறையில் அதை மட்டும் பழக்கிவிட்டால் பாதிச் சுமை இறங்கும்.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். புனேவின் கட்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள், புழுங்கலரிசி கிடைக்கும். சனவரிக் குளிரில் இட்லி மாவு புளிக்க மறுக்கும், அவ்வளவுதான்.

பொன்மலையார்
குடும்ப அட்டையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. "ஒரே நாடு ஒரே ரேஷன்" என்றதும் எந்த அட்டைக்கும் எங்கும் பொருள் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகளுக்கு மட்டுமே வேறு மாநிலத்தில் தானியம் தருவார்கள். நம் மாநிலம் தரும் துவரம் பருப்பும் பாமாயிலும் அங்கே கிடையா.

வெண்ணாற்றங்கரையான்
மராத்தி, கார் இரண்டிலும் கட்கிவாசி சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாக்குரிமையை மட்டும் மாற்றாதீர்கள். வீடு, நிலம், உறவு எல்லாம் திருச்சியில் இருக்க, புனே மாநகராட்சிக்கு வாக்களித்து என்ன பயன்?

கட்கிவாசி
உங்கள் தெருவில் குப்பை அள்ளுவதும் குழாயில் தண்ணீர் விடுவதும் அந்த மாநகராட்சிதானே, ஐயா? மேலும், சொந்த வீடு இருப்பதாலேயே ஒருவர் அவ்வூரில் வழக்கமாக வசிப்பவர் ஆகிவிடமாட்டார் என்று 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு கூறுகிறது. படிவம் 8 கொடுத்தால் பெயர் புதிய தொகுதிக்கு மாறிவிடும்.

வெண்ணாற்றங்கரையான்
அதே 20ஆம் பிரிவின் அடுத்த உட்பிரிவையும் படியுங்கள்: தற்காலிகமாக வெளியூர் சென்றிருப்பதால் மட்டும் ஒருவர் தம் ஊரில் வசிப்பவர் என்னும் நிலையை இழப்பதில்லை. மூன்றாண்டுப் பணி தற்காலிகம் என்பதே என் வாதம்.

கட்கிவாசி
மூன்று முழு ஆண்டுகள், பிள்ளையின் பள்ளி, பதிவெண் மாற்றிய கார், குடும்பம் முழுவதும் ஒரே கூரையின்கீழ். இதைத் தற்காலிகம் என்று வாக்காளர் பதிவு அலுவலர் ஒப்புவாரா என்பது ஐயமே.

உறையூராள்
இருவருக்கும் நன்றி. கணவரின் நிறுவனத்துக்கு இரண்டு மாநிலங்களில் மட்டுமே அலுவலகம் இருப்பதால் பிஎச் வரிசைக்கு வழியில்லை. திங்களன்று தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பிக்கிறோம். மகனுக்குத் தேவநாகரி எழுத்துப் பயிற்சியைத் தொடங்கிவிட்டேன். வாக்கைப் பொறுத்தவரை, நான் கட்கிவாசி பக்கம், கணவர் வெண்ணாற்றங்கரையார் பக்கம். மாமியார் எங்கள் இருவரையும் கேட்கப்போவதில்லை. திருச்சியில்தான் வாக்களிப்பேன் என்று சொல்லிவிட்டார்.