புதுப்பிப்பு: கடைக் கணினிக்கும் வீட்டுக் கணினிக்கும் தனித்தனிப் பெயர் வைத்தாயிற்று

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன். தண்டையார்பேட்டை வீட்டில் உட்கார்ந்து, எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைந்து கட்டளையிடும் வழி) வழியாக ராயபுரம் கடைக் கணினிக்குள் நுழைந்தவன், வீட்டுடையது என்று நினைத்துக் கடையுடையதை அணைத்துவிட்டேன். இரண்டும் லினக்ஸ் கணினிகள்; இரண்டுக்கும் 'உபுண்டு' என்றே பெயர். அதை எழுப்புவதற்காகக் கல்மண்டபம் வரை பஸ் ஏற வேண்டியதாயிற்று.

ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளையால் பெயர் மாற்றினேன். கணினியை மறுபடி தொடங்கத் தேவையில்லை. ஏற்கெனவே திறந்திருந்த முனையத்தில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) மட்டும் பழைய பெயரே நிற்கும்; புதிதாக ஒன்றைத் திறந்தால் மாறியிருக்கும். இது தெரியாமல் நான் மூன்று முறை மாற்றினேன்.

அடுத்து, நிர்வாகி உரிமையோடு கட்டளைகளை இயக்கும் சூடோ முரண்டு பிடித்தது: புதுப் பெயர் யாருடையது என்றே தெரியவில்லையாம். எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று குறித்திருக்கும், இடிசி அடைவிலுள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பில், இதே கணினியைக் குறிக்கும் 127.0.1.1 வரியில் பழைய பெயர் அப்படியே கிடந்தது. அதைத் திருத்தியதும் அடங்கியது.

முனையத்தில் கட்டளைக்கு முன்னால் தெரியும் பெயருக்கு நிறம் கொடுப்பதில்தான் அரை நாள் போயிற்று. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்குவது பாஷ்; அதன் அமைப்புகள் இருக்கும் பாஷ்ஆர்சி கோப்பில், அந்த முன்பகுதியைத் தீர்மானிக்கும் பிஎஸ்1 வரியை மாற்றி, கடைக்குச் சிவப்பும் வீட்டுக்குப் பச்சையும் கொடுத்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நீளமான கட்டளையைத் தட்டினால், எழுத்துகள் அடுத்த வரிக்கு இறங்காமல் அதே வரியின் தலைமேல் ஏறின. கண்ணுக்குத் தெரியாத நிறக் குறியீடுகளையும் பாஷ் எழுத்துகளாக எண்ணிவிடுகிறது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் முன்னும் பின்னும், பின்சாய்கோட்டுடன் சதுர அடைப்புக்குறி போட்டதும் சரியாயிற்று.

நேற்று இரவு மறுபடி அணைக்கப் போனேன். சிவப்பாகத் தெரிந்தது, கையை எடுத்துவிட்டேன்.